நிலமும் உபதேசியாரும்: தேரிக்காட்டுச் சபைகள் எழுந்த கதை

திருநெல்வேலிச் சீமையில் ஊர்ச் சபை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு மிஷனரியின் வருகையிலிருந்தே தொடங்குகிறார்கள். எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்காகச் சுற்றுவட்டாரச் சேகரங்கள் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவுகள்) வெளியிட்ட பழைய மலர்களையெல்லாம் தேடி வாங்கிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் தாடி வைத்த வெள்ளைக்கார ஐயர் (மிஷனரிக் குருவை எங்கள் பக்கத்தில் ஐயர் என்பார்கள்) ஒருவரின் படமும், அவர் கப்பலேறிய ஆண்டும் இறந்த ஆண்டும் இருந்தன. கடல் கடந்து வந்து, பெற்ற பிள்ளைகளை இந்த மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, காய்ச்சலோடு போராடிக்கொண்டே உழைத்த அந்த மனிதர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல பத்து ஊர்கள் ஒரே மிஷனரியின் பொறுப்பில் இருந்த காலத்தில், அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் எத்தனை முறை வந்திருக்க முடியும்? அவர் வராத நாட்களில் சபை எப்படி நிலைத்து நின்றது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தபோது இரண்டு காரியங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. ஒன்று, யாரும் விரட்ட முடியாதபடி குடியிருக்க ஒரு துண்டு நிலம். மற்றொன்று, அந்த நிலத்தில் மக்களோடு மக்களாகத் தங்கியிருந்த உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத ஊர்ப் போதகர். மலரில் இடமில்லாமல் சுருக்க நேர்ந்ததை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தொடக்கம் பாளையங்கோட்டையில். 1778இல் அங்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திப் பிராமண விதவை ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்து, அவர் மூலமாகவே கிறிஸ்தவ விசுவாசத்தை அறிந்தவர் அந்த அம்மையார். இருவரும் மணம் புரியாமல் வாழ்ந்ததைக் காரணம் காட்டி, தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்திருந்தார். அதிகாரியின் மரணத்துக்குப் பிறகே அவர் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1780இல் எழுதப்பட்ட பட்டியலில் பாளையங்கோட்டைச் சபையார் 40 பேர். அவர்கள் ஒரே சாதியார் அல்லர் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் எழுந்த ஊர்ச் சபைகளில் பலவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அம்மையாரின் முயற்சியால் எழும்பிய சிறிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயத்துக்கு எந்தப் பரிசுத்தவானின் பெயரையும் விட, அதற்காகப் பாடுபட்ட பெண்ணின் பெயரே மக்கள் வாயில் நின்றது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, போதிக்க ஆள் வேண்டும் என்பதையும் அந்தச் சபை விரைவிலேயே உணர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் என்ற உபதேசியார் வந்தார்; 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று, மீண்டும் இந்தச் சீமைக்கே திரும்பினார்.

கோட்டை நகரத்தில் ஒரு சபை ஏற்படுவதும், பனங்காட்டில் ஒரு சபை ஏற்படுவதும் ஒன்றல்ல. பாளையங்கோட்டையில் படைவீரர்களின் நிழல் இருந்தது. சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட செம்மணல் தேரிகளில் அப்படி எந்த நிழலும் கிடையாது. அங்கே பனையேறிக் குடும்பங்களில் பல, பிறருடைய மரங்களைக் குத்தகைக்கு ஏறி, பிறருடைய நிலத்தில் ஓலைக் குடிசை போட்டிருந்தவை. ஒருவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் மறுநாளே மரம் கைவிட்டுப் போகும், குடிசை பிரிக்கப்படும், கிணற்றுத் தண்ணீர் மறுக்கப்படும். விசுவாசத்தை ஏற்பது அங்கே வயிற்றோடும் கூரையோடும் பிணைந்த காரியமாக இருந்தது.

இதைத் தன் உடம்பிலேயே அனுபவித்து அறிந்தவர் சுந்தரானந்தம் தாவீது. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியில் சின்னமுத்து என்ற பெயரோடு பிறந்த நாடார் இளைஞர் அவர். தஞ்சாவூருக்குப் போய், அங்கே கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் தன் சொந்த மக்களிடமே திரும்பி வந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிபட்டு, எழுப்பிய ஜெபவீடுகள் இடிபட்டபோது, பழைய ஊர்களிலேயே இருந்துகொண்டு போராடுவதால் பயனில்லை என்று கண்டார். தனியே நிலம் வாங்கி, கிணறு வெட்டி, சில குடும்பங்களைக் குடியேற்றினார். 1799இல் இவ்வாறு உண்டான ஊர்தான் முதலூர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்காக அந்த ஊரை அறிந்திருப்பவர்கள், ஓர் ஏழை உபதேசியாரின் துணிச்சலால் உண்டான அடைக்கலம் அது என்பதையும் அறிந்திருந்தால் நல்லது. அடிக்க வந்தவர்களை எதிர்த்து நிற்கத் தடியேந்திய இளைஞர்களை அவர் காவலுக்குச் சேர்த்தார் என்றும் சொல்வார்கள். அதை மிஷனரிகள் விரும்பவில்லை. ஆனால் வீடு இழந்தவர்கள் நடுவே நின்றவர் அவர். தூரத்தில் இருந்து அவரை நியாயந்தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1806இல் அவர் மாண்டார். நஞ்சு வைக்கப்பட்டதாகவே பலரும் நம்பினார்கள்.

முதலூர் எழுந்த மூன்றாண்டுகளில், 1802இல், கெரிக்கே ஐயரும் சத்தியநாதனும் உபதேசியார்களும் கிராமம் கிராமமாகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சில மாதங்களில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இவ்வளவு விரைவாகச் சேர்ந்தவர்களைப் பேணிக் காக்க அதே அளவுக்கு ஆட்கள் இல்லை. தஞ்சாவூர் மிஷன் தளர்ந்தது, உதவி குறைந்தது; 1811ஐ ஒட்டிக் கொடிய காய்ச்சல் சீமை முழுவதும் பரவி ஊர்களை வெறுமையாக்கியபோது, பழைய தெய்வங்களின் கோபம் என்று அஞ்சிப் பலர் பின்வாங்கினார்கள். 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாக வந்த ஹஃப் ஐயர் தேடிச் சென்று கணக்கெடுத்தபோது 3,100 பேர் எஞ்சியிருந்தார்கள். குறைந்து போனார்களே என்று அந்தக் கணக்கைப் படிப்போர் வருந்துவதுண்டு. எனக்கோ அது வியப்பையே தருகிறது. ஐரோப்பிய மிஷனரி ஒருவரும் நிலையாக இல்லாத ஆண்டுகளில், ஓலைக்கூரை ஜெபவீடுகளில், சில உபதேசியார்கள் மட்டுமே துணையாக இருக்க, மூவாயிரம் பேர் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

ஹஃப் ஐயரின் வேண்டுகோளால் சர்ச் மிஷனரி சங்கம் அனுப்பிய ரேனியஸ் 1820 ஜூலையில் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி எழுதாத மலரே கிடையாது. ஆகவே என் கேள்விக்குத் தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். நிலத்தின் அருமையை அவர் உடனே புரிந்துகொண்டார். முருகன்குறிச்சியில் வெங்கு முதலியார் என்ற இந்துப் பெருமகனாரிடமிருந்து இடம் பெற்றார். அங்கே 1826இல் எழுந்ததுதான் இன்று ஊசிக்கோபுரம் என்று அனைவரும் அழைக்கும் பரிசுத்த திரித்துவப் பேராலயம். பிரஷ்யா நாட்டுத் தோனா பிரபு கொடுத்த பணத்தைக் கொண்டு 1827இல் தோனாவூர் உருவானது. 1830இல் தரும சங்கம் தொடங்கியது. துன்புறுத்தப்பட்டவர்கள் குடியேற நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பதே அந்தச் சங்கத்தின் தலையாய வேலை. உபதேசியார்களும் சபையாரும் தங்கள் சொற்ப வருமானத்திலிருந்து அதற்குக் கொடுத்தார்கள். ஆக, தாவீது ஒரு முறை செய்து காட்டியதை ரேனியஸ் ஓர் ஏற்பாடாகவே மாற்றினார் என்று சொல்லலாம். சர்ச் மிஷனரி சங்கத்தோடு கருத்து வேறுபட்டு அவர் பிரிந்த 1835ஆம் ஆண்டில் சபையாரின் தொகை பத்தாயிரத்தைக் கடந்திருந்தது. 1838இல் இறந்த அவரது கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கிறது.

தேரிக்காட்டில் நடப்பவர்கள் இந்த ஊர்களைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்ளலாம். நேரான தெருக்கள், நடுவே கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம், அதை ஒட்டி உபதேசியார் வீடு, சற்றுத் தள்ளிப் பொதுக் கிணறு. மெஞ்ஞானபுரத்தில் யோவான் தாமஸ் ஐயர் 1837 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, கிணறுகள் வெட்டி, மணல் பறந்த மேட்டைத் தோப்பாக மாற்றினார். அங்குள்ள தூய பவுலின் ஆலயக் கோபுரத்தின் உயரம் 192 அடி. இடையன்குடியில் கால்டுவெல் 1841இல் வந்து தெருக்களைத் தாமே அளந்து அமைத்தார். 1847இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1880 ஜூலை 6ஆம் தேதிதான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! சன்னல் வளைவுகளின் வடிவத்தைக் களிமண்ணில் செய்து காட்டி உள்ளூர்க் கொத்தனார்களைப் பழக்கினார் என்பது அவ்வூரில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அந்தக் கொத்தனார்களின் பெயர்கள் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டிருந்தால், கோபுரத்தைப் போலவே அவற்றையும் போற்றுவேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். அது பெரிய ஊரன்று. எந்த மிஷனரியும் அங்கே குடியிருந்ததில்லை. கோயிலின் இரும்புப் பெட்டியில் உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை, சேகர குருவானவரின் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். தடித்த தாளில், பழுப்பேறிய மையில், பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்தில் தகப்பன், தாய், நான்கு பிள்ளைகள், கிழவி ஒருத்தி என்று ஏழு பேருக்கும் ஒரே தேதியில் ஞானஸ்நானம். பழைய பெயர் ஒரு கட்டத்தில், அதற்கு நேரே ஞானமுத்து, வேதமாணிக்கம், அன்னம்மாள் என்று புதிய பெயர். தொழில் என்ற இடத்தில் வரி வரியாகப் பனையேற்று, பனையேற்று என்றே இருந்தது. பிறகு சில பக்கங்களில் ஒருவருக்கு நேரே நெசவு என்றும், இன்னும் சில பக்கங்கள் கழித்து மற்றொருவருக்கு நேரே உபாத்தியாயர் என்றும் வரக் கண்டேன். பள்ளிக்கூடம் ஊருக்குள் நுழைந்ததை அந்த ஒரே சொல்லில் பார்த்துவிட்டேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஐயர்மாரின் கையெழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சாட்சிகளின் கட்டத்திலோ உபதேசியார் ஒருவரே பக்கம் பக்கமாக வருகிறார்.

என் பாட்டியின் தகப்பனாரும் வேறோர் ஊரில் உபதேசியார். அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியுமுன் மணியடித்து ஜெபத்துக்குக் கூட்ட வேண்டும். ஆண்கள் அந்நேரம் மரத்தில் இருப்பார்கள் ஆதலால் காலை ஜெபத்துக்குப் பெண்களும் பிள்ளைகளுமே வருவார்கள். பிறகு பள்ளிக்கூடம். எழுத்துக் கற்பித்தல், ஞானோபதேச வினாவிடை, வாய்ப்பாடு ஆகிய மூன்றுக்கும் அவர் ஒருவரே வாத்தியார். மதியத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்ப்பது, பதநீர் காய்ச்சும் விடிலிகளுக்கே போய் அடுப்புக்கு முன் இருக்கும் பெண்களுக்கு வேத வசனம் மனப்பாடம் சொல்லிக்கொடுப்பது, வேலிச் சண்டையையும் வரப்புச் சண்டையையும் தீர்ப்பது, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. இரவு ஆண்கள் இறங்கி வந்த பிறகு மறுபடியும் ஜெபம். மாதம் ஒரு முறை நடந்தே மிஷன் பங்களாவுக்குப் போய், ஊரில் நடந்தவற்றை அறிக்கையாகக் கொடுத்து, பாடம் ஒப்பித்து, சம்பளம் வாங்கி வர வேண்டும். சம்பளம் பல சமயம் குடும்பத்துக்குப் போதாது. பனையேற்றுக் காலத்தில் ஊரார் கொடுக்கும் கருப்பட்டியும் பதநீரும்தான் கைகொடுக்கும். அவரைச் சபையார் அன்போடு அண்ணாவி என்றும் கூப்பிட்டார்களாம். இவ்வளவையும் செய்தவருக்குப் பிரசங்க பீடத்தில் நிற்க உரிமை இருந்தது, ஞானஸ்நானம் கொடுக்க உரிமை இல்லை. ஆகவேதான் பதிவேடு அவரைச் சாட்சியாக மட்டும் காட்டுகிறது.

உபதேசியார்களைப் படிப்பித்துக் குருமாராக உயர்த்தும் வேலை மெதுவாகவே நடந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த யோவான் தேவசகாயம் 1830இல் உதவிக் குருவாகவும் 1836இல் குருவாகவும் அபிஷேகம் பெற்று, கடாட்சபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். சார்ஜென்ட் ஐயர் பாளையங்கோட்டையில் உபதேசியார்களுக்கும் வாத்தியார்களுக்கும் நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து அடுத்த தலைமுறை வந்தது. தமிழ்க் குருமார் பெருகப் பெருக, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பும் சபைகளின் தலையில் ஏறியது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கியாக வேண்டும். பெரும்பகுதி பெண்களின் அடுக்களையிலிருந்து வந்தது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது விலை போட்டு விற்கப்படும். வீட்டில் அரிசிச் சோறு அரிதாக இருந்த காலத்தில், கூழ் காய்ச்சும் தானியத்திலிருந்தும் ஒரு கை எடுத்து வைத்ததாகப் பாட்டி சொல்வார். பனையேறிகள் கோயிலுக்கென்று ஒரு மரத்தை நேர்ந்துவிட்டு, அந்த மரத்துப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடும்போது ஒரு முருங்கைக்காய்க் கட்டு சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போவதை இன்றும் பார்க்கிறோம். ஆண்டுச் சங்கக் காணிக்கை, முதற்பலன், பிறந்தநாள் காணிக்கை என்று அந்த வழக்கம் பல கிளைகளாக நிற்கிறது.

பண்டிகை என்றால் எங்கள் பக்கத்தில் அசனம் என்னும் பொது விருந்து இல்லாமல் முடியாது. முந்தின நாள் மாலையே கோயில் வளாகத்தில் அடுப்புக்குக் குழி வெட்டி, ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். இரவு முழுவதும் ஆண்கள் ஆட்டுக்கறிக் குழம்பைக் கிண்டுவார்கள். வடித்த சோறு புதுப்பாயில் குவியும். குருவானவர் ஜெபம் செய்து அசனத்தைத் தொடங்கி வைத்ததும் பந்தி நடக்கும். பம்பாயிலும் சென்னையிலும் வேலை பார்ப்போர் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரே பந்தியில் அனைவரும் உட்காருவதில் உள்ள அருமையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால்தான் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காக ஒரே உறவின்முறையார் சேர்ந்து குடியேறிய ஊர்களில் சபையும் ஒரே சாதிச் சபையாக இறுகிப்போனது. பக்கத்து ஊரில் வேறு சாதியார் அதே ஜெபபுத்தகத்தைக் கொண்டு வேறு கோயிலில் ஆராதித்தார்கள். 1780இல் பாளையங்கோட்டையின் 40 பேருக்குள் இருந்த கலப்பு, ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு நமக்கு வாய்க்கவில்லை. அடைக்கலம் தந்த வேலியே பிறரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆனதை இந்த மலர்கள் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மிஷனரிகளோடு மோதலும் இருந்தது. நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், ஐரோப்பியரின் அதிகாரத்தை ஏற்க மறுத்து, 1857இல் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து, தூபம் காட்டி ஆராதித்த அந்தச் சபை பின்னர் முக்குப்பீறியில் வேர் கொண்டது. அதன் போதனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் வெளிநாட்டுக் காசு ஒன்றும் வாங்காமல் ஒரு சபை நிற்க முடியும் என்று இந்தச் சீமையில் முதலில் செய்து காட்டியவர்கள் அவர்களே.

1896இல் திருநெல்வேலி தனிப் பேராயரின் ஆளுகையில் தனித் திருமண்டலமாயிற்று. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் நியதி. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளைக் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் அசரியா. அவரே 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அந்தச் சங்கம் மிஷனரிகளை அனுப்பிய காணிக்கையில், நான் மேலே சொன்ன கைப்பிடி அரிசிப் பணமும் கருப்பட்டிப் பணமும் கலந்திருந்தன. நிலமில்லாமல் விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், நூறாண்டுக்குள் அடுத்த மொழி பேசுவோருக்கு உபதேசியார் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதும், 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்ததும் பலரும் அறிந்தவை. எங்கள் ஊரில் இப்போது பனையேறுவோர் இரண்டு மூன்று பேர்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் முதியவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பதிவேடுகள் இருக்கின்றன. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அவற்றை ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாட்சிக் கட்டத்தில் வரும் உபதேசியார்களின் பெயர்களை ஆண்டு வாரியாகத் தொகுத்து, கோயிலின் உள்சுவரில் குருமார் பட்டியலுக்குப் பக்கத்தில் கல்லில் பொறிக்கச் சபை மன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய சேகரப் பிரிவினையில் எங்கள் பதிவேட்டின் ஒரு பகுதி வேறு ஊர்க் கோயிலுக்குப் போயிருக்கக்கூடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சாத்தான்குளம், திசையன்விளை, நாசரேத் பக்கத்துச் சபையார் தங்கள் இரும்புப் பெட்டிகளை ஒரு முறை திறந்து பார்த்து, அயலூர்ப் பதிவேடு ஏதேனும் கலந்து கிடந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.